தமிழ் வகுப்புக்குள் இணையம்: சிங்கப்பூர் ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூர்ப் பள்ளிகளில் கருவிகளுக்குக் குறைவில்லை. கல்வி அமைச்சு தகவல் தொழில்நுட்பத்துக்கான முதல் பெருந்திட்டத்தை 1997இல் தொடங்கியது. பாடநேரத்தில் 30 விழுக்காடு கணினி வழியாக நடக்க வேண்டும் என்று அப்போதே இலக்கு வைத்தார்கள். நாம் எஸ்எல்எஸ் என்று சொல்லும் மாணவர் கற்றல் தளம் 2018இல் எல்லாப் பள்ளிகளுக்கும் வந்தது. 2020 ஏப்ரலில் பிள்ளைகள் முழுநேரமும் வீட்டிலிருந்து கற்க வேண்டி வந்தபோது அந்தத் தளம்தான் கைகொடுத்தது. உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கற்றல் சாதனம் என்ற திட்டத்தை 2028க்குள் முடிப்பதாக இருந்தார்கள். கொவிட் அதை 2021க்கே இழுத்து வந்துவிட்டது.

இணையத் தமிழ் வளர்ந்த கதையிலும் இந்த ஊருக்கு நல்ல பங்கு உண்டு. தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, கணினியில் தமிழ் எழுத உதவும் 'கணியன்' மென்பொருளை உருவாக்கியவர். 1995இல் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகள் இணையத்தில் ஏறியபோது தமிழும் அவற்றில் ஒன்றாக நின்றதற்கு அவர் உழைப்பு முக்கியக் காரணம். தமிழ் இணைய மாநாடுகளுக்கு வழிவிட்ட கருத்தரங்கு 1997இல் இங்கேதான் நடந்தது. நாம் புதிதாக எதையும் தொடங்கவில்லை. நம் முன்னோடி ஒருவர் போட்ட பாதையில் நடக்கிறோம்.

சரி, கருவி இருக்கிறது, வரலாறும் இருக்கிறது. வகுப்பில் என்ன செய்வது? 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்குள்ள இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம். நம் மாணவர்களில் பலருக்கு ஒரு நாளில் தமிழ் பேசக் கிடைக்கும் நேரமே தமிழ் வகுப்புதான். அந்த நேரத்தில் பிள்ளையைத் திரைமுன் வாய்மூடி உட்காரவைக்கும் எந்தத் தொழில்நுட்பமும், எவ்வளவு அழகாக இருந்தாலும், நமக்கு நஷ்டம். அதனால் இந்த வழிகாட்டி முழுவதிலும் நான் பயன்படுத்தும் அளவுகோல் ஒன்றே: இந்தக் கருவியால் இன்று என் மாணவர் கூடுதலாகத் தமிழ் பேசினாரா, எழுதினாரா? ஆம் என்றால் வைத்துக்கொள்வோம். இல்லை என்றால் வெண்பலகையும் பேனாவும் போதும்.

படி 1: பாடத்தில் சிக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

பயிலரங்குக்குப் போய் ஒரு புதிய செயலியைக் கற்றுக்கொண்டு, அதை எந்தப் பாடத்தில் நுழைக்கலாம் என்று தேடுவது பலருக்கும் வழக்கம். நான் தலைகீழாகப் போகச் சொல்வேன். முதலில் பாடத்தை எடுங்கள். வழக்கமாக எந்த இடத்தில் அது சிக்குகிறது என்று பாருங்கள்.

வாய்மொழிப் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். இருபது மாணவர், அரை மணி நேரம். ஒருவர் பின் ஒருவராக எழுப்பிப் பேசச் சொன்னால் ஆளுக்கு ஒன்றரை நிமிடம்கூடத் தேறாது. ஒருவர் பேசும்போது மற்ற பத்தொன்பது பேர் சும்மா இருப்பார்கள். இது பாடத்தின் அமைப்பிலேயே உள்ள சிக்கல், ஆசிரியரின் திறமைக்குறைவு இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் தத்தம் சாதனத்தில் மூன்று நிமிடம் பேசிப் பதிவு செய்தால், அதே நேரத்தில் அறுபது நிமிடத் தமிழ்ப் பேச்சு கிடைத்துவிடுகிறது. இங்கே இணையம் அவசியம்.

கட்டுரையில் சிக்கும் இடம் வேறு. பிள்ளை எழுதியதை ஆசிரியர் ஒருவர்தான் படிக்கிறார், அதுவும் ஒரு வாரம் கழித்து. சக மாணவர்கள் உடனே படித்துக் கருத்துச் சொல்ல முடிந்தால் எழுதுகிறவருக்கு ஒரு வேகம் வரும். செய்யுள் பாடத்திலோ, என் அனுபவத்தில், இணையம் பெரிதாக உதவுவதில்லை. குறளை வாய்விட்டுச் சொல்லி, பொருளைப் பேசி, மறுநாள் மறுபடி சொல்ல வேண்டும். அங்கே திரையை நிறுத்திவைக்கத் தயங்காதீர்கள்.

ஒரு தவணைக்கு இப்படி இரண்டோ மூன்றோ இடங்களைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

படி 2: கையில் இருப்பதைச் சரிபாருங்கள்

உயர்நிலைப் பள்ளியில் ஐபேட், குரோம்புக், விண்டோஸ் மடிக்கணினி என்று பள்ளிக்குப் பள்ளி மாறும். தமிழ் வகுப்பில் பல வகுப்புப் பிள்ளைகள் ஒன்றுசேர்வதால், மின்னூட்டம் தீர்ந்துபோன சாதனத்தோடு இருவராவது வருவார்கள். இரண்டு மின்கம்பிகளும் ஒரு நீட்டிப்புக் கம்பியும் வகுப்பிலேயே இருக்கட்டும். தொடக்கப் பள்ளியில் சொந்தச் சாதனம் கிடையாது. கணினிக் கூடத்தையோ பொதுச் சாதனங்களையோ முன்பதிவு செய்ய வேண்டும். அங்கே பாதி நேரம் கடவுச்சொல்லிலேயே போகும். தொடக்கநிலை 3, 4 பிள்ளைகளுக்கு எஸ்எல்எஸ் பயனர் பெயரை ஓர் அட்டையில் எழுதித் தமிழ்ப் புத்தகத்தில் ஒட்டிக் கொடுங்கள். கடவுச்சொல்லை மட்டும் ஒட்ட வேண்டாம்.

கைப்பேசியை நம்பித் திட்டமிடாதீர்கள். 2026 ஜனவரியிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளில் இடைவேளை, இணைப்பாட நடவடிக்கை உட்படப் பள்ளி நேரம் முழுவதும் திறன்பேசிக்கு அனுமதியில்லை. கியூஆர் குறியீட்டைச் சுவரில் ஒட்டிக் கைப்பேசியால் வருடச் சொல்லும் பழைய பாடங்களைக் கற்றல் சாதனத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதை விடவே கூடாது: பாடத்தில் பயன்படுத்தப்போகும் ஒவ்வோர் இணைப்பையும் மாணவர் கணக்கிலிருந்து, மாணவர் சாதனத்தில், பள்ளி வைஃபையில் திறந்து பாருங்கள். ஆசிரியர் கணக்கில் திறக்கும் காணொளி மாணவருக்குத் தடுக்கப்பட்டிருக்கலாம். உங்கள் வகுப்பில் ஒரு மாணவரை முந்தின நாள் இடைவேளையில் ஐந்து நிமிடம் கூப்பிட்டால் வேலை முடிந்தது.

படி 3: தமிழ்த் தட்டச்சு, இதில் அவசரப்படாதீர்கள்

நான் பார்த்தவரை தமிழ் வகுப்பில் இணையப் பாடங்கள் தோற்பதற்கு முதல் காரணம் தட்டச்சுதான். கேள்வி அருமையாக இருக்கும். பிள்ளைக்குப் பதிலும் தெரியும். ஆனால் 'ஞ' எங்கே இருக்கிறது என்று தேடித் தேடி, மூன்று சொற்களோடு நிறுத்திவிடுவார். நாம் அதைப் பார்த்து, 'இவருக்குத் தமிழ் வரவில்லை' என்று எண்ணிவிடுவோம். அது அநியாயம். அதனால் வேறு எந்தக் கருவிக்கும் முன்னால் தட்டச்சுக்கு நேரம் ஒதுக்குங்கள்.

இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று ஒலிபெயர்ப்பு முறை: ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் தமிழ் வரும். அஞ்சல் முறை இந்த வகை. இன்னொன்று தமிழ் 99: தமிழ் எழுத்துகளே விசைகளில் இருக்கும். ஐபேடில் இரண்டும் உள்ளமைந்தே வருகின்றன. விண்டோஸிலும் குரோம்புக்கிலும் மொழி அமைப்புகளில் தமிழைச் சேர்த்தால் கிடைக்கும்.

தொடக்கநிலை 5 முதல் உயர்நிலை 1 வரை உள்ள பிள்ளைகளுக்கு நான் தமிழ் 99ஐத்தான் சொல்வேன். காரணம் வேகம் மட்டுமில்லை. அந்த விசைப்பலகையின் அமைப்பே நம் இலக்கணத்தைச் சொல்லித்தருகிறது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என்று 31 எழுத்துகள் தெரிந்தால் 247ஐயும் எழுதிவிடலாம், ஏனென்றால் மெய்யையும் உயிரையும் அடுத்தடுத்துத் தட்டினால் உயிர்மெய் பிறக்கிறது. 'கோ' வேண்டுமானால் க, அப்புறம் ஓ. தொடக்கநிலை 1இல் பலகையில் எழுதிக் காட்டிய அதே கூட்டல்தான்.

இதற்கு மேல் ஒரு நுட்பம் உண்டு. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். 'அம்மா' எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படித்தான்: ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற. 'பந்து' அடிக்கப் புள்ளி விசையைத் தேட வேண்டாம். இன எழுத்து என்று நாம் இலக்கண வகுப்பில் சொல்வது விரலுக்கே பழகிவிடுகிறது. ந-வுக்குப் பின் த வரும், ன-வுக்குப் பின் ற வரும் என்று கை அறிந்த பிள்ளை 'பன்து' என்று எழுதுவது குறைந்துவிடும்.

ஒலிபெயர்ப்பு முறையில் பிள்ளை ஆங்கில எழுத்தில் யோசித்துத்தான் தமிழுக்கு வர வேண்டும். ல, ள, ழ மூன்றுக்கும் ந, ன, ண மூன்றுக்கும் எந்த ஆங்கில எழுத்து என்ற குழப்பம் சேர்ந்துகொள்ளும். சொல்லைத் தானே ஊகித்துப் பரிந்துரைக்கும் விசைப்பலகையானால் எழுத்துப்பிழை வெளியிலேயே தெரியாது. பிள்ளைக்குத் தெரிந்ததா, கருவிக்குத் தெரிந்ததா என்று நம்மால் சொல்ல முடியாது. ஆனாலும் உயர்நிலை 3, 4இல் ஏற்கனவே அஞ்சலில் வேகமாக அடிப்பவரை மாற்றச் சொல்லாதீர்கள். அவருக்குத் தேர்வு நெருங்கிக்கொண்டிருக்கிறது.

பழக்கும் முறை எளிது. நான்கு வாரம், ஒவ்வொரு வகுப்பின் முதல் ஐந்து நிமிடம். முதல் வாரம் உயிரும் க, ப, ம, த, ந வரிசையும் மட்டும். இவை நடுவரிசையிலும் அதை ஒட்டியும் இருப்பதால் கை எளிதில் பழகும். இரண்டாம் வாரம் மற்ற மெய்கள். மூன்றாம் வாரம் இரட்டிப்பும் இன எழுத்தும். நான்காம் வாரம் முழு வாக்கியங்கள், மாணவரின் சொந்த வாக்கியங்களாக. விசைப்பலகைப் படம் ஒன்றை அச்சிட்டு மேசையில் ஒட்டுங்கள். ஐந்தாம் வாரத்தில் எடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் தட்டச்சு செய்ய வைக்கவும் தேவையில்லை. நீண்ட கட்டுரையைத் தாளில் எழுதிப் படம் எடுத்து ஏற்றச் சொல்லலாம். கையெழுத்து நிற்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதியான எண்ணம் உண்டு.

படி 4: ஒரு பாடத்தை எஸ்எல்எஸ்ஸில் கட்டுவது எப்படி

பொதுவாகச் சொல்வதைவிட ஒரு பாடத்தையே எடுத்துக் காட்டுகிறேன். உயர்நிலை 2, தலைப்பு 'தேக்கா: அன்றும் இன்றும்' (தேக்கா, லிட்டில் இந்தியாவின் சந்தை வட்டாரம்). இரண்டு வகுப்புகள், இடையில் ஒரு வீட்டுப்பணி.

முதலில், மாணவர் இறுதியில் செய்ய வேண்டியதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: 'தேக்காவில் ஏற்பட்ட ஒரு மாற்றத்தைப் பற்றி மூத்தவர் ஒருவரிடம் கேட்டறிந்து, இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து, 120 சொற்களில் எழுதுவார்.' இந்த வாக்கியத்துக்கு உதவாத எதையும் பாடத்தில் சேர்க்க வேண்டாம். அழகான அசைவூட்டப் படம் கிடைத்தாலும் சரி.

முதல் பகுதி பார்ப்பதற்கு. கூகல் ஸ்ட்ரீட் வியூவில் பஃப்ளோ ரோட்டைத் திறந்து பிள்ளைகள் நடந்து பார்க்கட்டும். சிராங்கூன் சாலையிலும் அப்படியே, வீரமாகாளியம்மன் கோயில் வரை. அப்புறம் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்திலிருந்து அதே வட்டாரத்தின் பழைய படம் ஒன்று. பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கேள்வி ஒன்றே ஒன்று: 'எது மாறியிருக்கிறது, எது மாறவில்லை?' பதிலை இருவர் இருவராகப் பேச வேண்டும், எழுதக் கூடாது. இந்த ஐந்து நிமிடம் வகுப்பு சத்தமாக இருக்கும். இருக்கட்டும்.

இரண்டாம் பகுதி படிப்பதற்கு. தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் பழைய தமிழ் முரசு இதழ்கள் பட வடிவில் உள்ளன. ஒரு சிறு செய்தியையோ விளம்பரத்தையோ வெட்டி எடுத்துக் கொடுங்கள். முழுப் பக்கத்தைக் கொடுத்தால் பிள்ளை மிரண்டுபோவார். பழைய இதழில் லை, ணை, றா, னா எல்லாம் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய வடிவில் வரும். அந்த எழுத்துகளைக் கண்டதும் பிள்ளைகள் 'ஆசிரியர், இது என்ன எழுத்து?' என்று கேட்கத் தொடங்குவார்கள். அந்த ஆர்வத்தை வீணாக்காதீர்கள். பாடத்திட்டத்தில் இல்லை என்று தாண்டிப் போகவும் வேண்டாம். தாத்தா பாட்டி எழுதிய கடிதங்களில் அந்த எழுத்து இருக்கும்.

இன்னொரு நல்ல தகவலும் இங்கே பொருந்தும். இப்போதைய தேக்கா நிலையம் 1982இல் கட்டப்பட்டபோது அதற்குச் சூஜியாவ் நிலையம் என்று பெயர். 2000இல்தான் தேக்கா என்ற பெயர் அதிகாரபூர்வமாகத் திரும்பியது. ஓர் இடத்தின் பெயரை மக்கள் ஏன் விடாமல் வைத்துக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். உயர்நிலை 2 பிள்ளைக்கு இதில் சொல்ல நிறைய இருக்கும்.

மூன்றாம் பகுதி எஸ்எல்எஸ்ஸில் உள்ள ஊடாடும் சிந்தனைக் கருவி. ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் எழுதுகிறார். எழுதி அனுப்பிய பிறகே மற்றவர்களின் பதில் தெரியும்படி அமையுங்கள், இல்லையென்றால் முதல் பதிலை எல்லோரும் நகலெடுப்பார்கள். பெயர் தெரியாமல் வைக்கும் வசதியைத் தமிழ் வகுப்பில் நான் மிகவும் மதிக்கிறேன். பிழையாக எழுதிவிடுவோமோ என்று கூசி ஒதுங்கும் பிள்ளைகள் அங்கே எழுதுகிறார்கள். அந்தப் பதில்களில் மூன்றைத் திரையில் காட்டி, வாக்கியத்தை எப்படி வளர்க்கலாம் என்று வகுப்பாகச் சேர்ந்து திருத்துங்கள்.

வீட்டுப்பணி: தேக்காவை நன்கு அறிந்த மூத்தவர் ஒருவரிடம் மூன்று கேள்வி கேட்டு வருவது. பாட்டி, அத்தை, கீழ்த்தளத்தில் பார்க்கும் பெரியவர், யாராக இருந்தாலும் சரி. குரலைப் பதிவு செய்வதென்றால் அவர் அனுமதி கேட்க வேண்டும் என்பதையும், எப்படிக் கேட்பது என்பதையும் வகுப்பிலேயே சொல்லிப் பழக்குங்கள்: 'பாட்டி, நீங்க பேசுறதைப் பதிவு பண்ணிக்கலாமா? எங்க ஆசிரியர் மட்டும்தான் கேட்பாங்க.' வீட்டில் தமிழ் பேசும் மூத்தவர் இல்லாத பிள்ளைக்கு மாற்று ஏற்பாடு தயாராக இருக்கட்டும். ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பில் தமிழில் பேசியவர்களின் நேர்காணல்களும் உள்ளன. அதில் ஐந்து நிமிடப் பகுதி ஒன்றைக் குறித்துக் கொடுங்கள். எல்லோர் முன்னாலும் 'உன் வீட்டில் யாரும் இல்லையா?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

இரண்டாம் வகுப்பில் பேச்சுப் பதிவு. எஸ்எல்எஸ் கேள்வியிலேயே குரல் பதிலை அனுமதிக்கலாம். ஒரே அறையில் இருபது பேர் பேசினால் ஒலி கலக்கும். பாதிப் பேரை நடைபாதையில் பரவலாக நிற்கவையுங்கள். இரண்டு முறை பதிவு செய்யட்டும். முதல் பதிவைத் தானே கேட்டு, ஒரு குறையைத் தானே சொல்லி, பிறகு இரண்டாவது. கற்றல் பெரும்பகுதி அந்த இரண்டு பதிவுகளுக்கு நடுவில்தான் நடக்கிறது. எழுத்துப் பணி அதன் பிறகு வருவதால் பிள்ளையிடம் சொல்ல விஷயமும் சொற்களும் ஏற்கனவே இருக்கும்.

படி 5: நல்ல தமிழ் மூலங்களும் பதிப்புரிமையும்

தேடுபொறியில் தமிழில் தேடினால் குப்பையும் கோமேதகமும் சேர்ந்தே வரும். அதனால் சிறிய பட்டியல் ஒன்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்ச் செய்திக்குத் தமிழ் முரசு, மீடியாகார்ப்பின் 'செய்தி' தளம். கேட்டல் பயிற்சிக்கு ஒலி 96.8. இலக்கிய மூலங்களுக்கு 1998இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகம். நம்மூர்ப் படைப்புகளுக்குத் தேசிய நூலக வாரியத்தின் தமிழ் மின்மரபுடைமைத் தொகுப்பு. சிங்கப்பூர் எழுத்தாளரின் கதையைப் படிக்கும் பிள்ளை, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கையும் எம்ஆர்டி ரயிலையும் தமிழில் பார்க்கிறார். அதன் பயன் தனி.

2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டம் பள்ளிகளுக்குச் சாதகமானது. இணையத்தில் கட்டணமின்றி எல்லோரும் காணக்கூடிய படைப்புகளைக் கற்பித்தலுக்குப் பயன்படுத்தலாம். மூலத்தையும் பார்த்த தேதியையும் குறிப்பிட வேண்டும். திருட்டுப் பிரதி என்று தெரிந்தால் தொடக்கூடாது. யாரோ வருடிப் போட்ட சிறுகதைத் தொகுப்பின் பிடிஎஃப் கோப்பை வகுப்புக்கு அனுப்புவது தமிழ் எழுத்தாளரின் சோற்றில் கைவைப்பது. தமிழாசிரியர் அதைச் செய்யக்கூடாது.

படி 6: வகுப்பு நேரத்தைப் பிரிப்பது

ஒரு மணி நேரத்தில் திரை திறந்திருப்பது இருபது நிமிடத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதையும் தொடர்ச்சியாக வைக்காமல், பேச்சுக்கு இடையில் துண்டு துண்டாக வையுங்கள். நீங்கள் விளக்கும்போது மடிக்கணினி பாதி மூடியிருக்க வேண்டும், ஐபேட் கவிழ்ந்திருக்க வேண்டும். முதல் வாரமே இதைப் பழக்கிவிட்டால் பிறகு சொல்லவே தேவையிருக்காது.

கட்டளைகளைத் தமிழிலேயே சொல்லுங்கள். உள்நுழையுங்கள், பதிவேற்றுங்கள், பகிருங்கள், நீக்குங்கள். பிள்ளை ஒரே மாதத்தில் பழகிவிடுவார். கருவியைப் பற்றிப் பேசும்போது மட்டும் வகுப்பு ஆங்கிலத்துக்கு மாறினால், தொழில்நுட்பம் வேறு மொழிக்குரியது என்ற எண்ணம் சத்தமில்லாமல் பதிந்துவிடும்.

போட்டி வினாடி வினாச் செயலிகள் பற்றி ஒரு வார்த்தை. கஹூட் போன்றவை வகுப்பைக் கலகலப்பாக்கும், சந்தேகமில்லை. ஆனால் பிள்ளை நான்கில் ஒன்றைத் தட்டுகிறாரே தவிர ஒரு வாக்கியமும் பேசுவதில்லை. பாடத்தின் முடிவில் ஐந்து நிமிடம், அதோடு நிறுத்துங்கள். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் 'ஏன் இந்த விடை?' என்று ஒருவரைப் பேசவைத்தால் அதுவும் தமிழ்ப் பயிற்சியாகிவிடும்.

படி 7: செயற்கை நுண்ணறிவும் மொழிபெயர்ப்பும்

மாணவர் ஆங்கிலத்தில் எழுதிக் கூகலில் மொழிபெயர்த்து ஒப்படைப்பது இன்று நேற்றுத் தொடங்கியதில்லை. சாட்ஜிபிடி வந்தபிறகு கட்டுரையே முழுதாக வருகிறது. தடை விதித்து மட்டும் இதைச் சமாளிக்க முடியாது. பணியின் வடிவத்தை மாற்ற வேண்டும்.

மேலே சொன்ன தேக்கா பாடத்தைப் பாருங்கள். பாட்டி சொன்னது எந்தக் கருவிக்கும் தெரியாது. சொந்தக் குரலில் பேசிய பிறகு எழுதும் கட்டுரையில், பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே இடைவெளி இருந்தால் நமக்கு உடனே தெரிந்துவிடும். 'சிங்கப்பூரின் வளர்ச்சி' என்று பொதுவான தலைப்பைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையைக் குறைசொல்வதில் நியாயமில்லை.

கருவியையே பாடமாக்கவும் முடியும். அது எழுதிய ஒரு பத்தியை நீங்கள் திரையில் காட்டுங்கள். சாட்ஜிபிடிக்கான குறைந்தபட்ச வயது 13 என்பதால், தொடக்கப் பள்ளியில் ஆசிரியர் மட்டும்தான் அதை இயக்க வேண்டும். 'அமைச்சு' என்று நாம் சொல்வதை அது 'அமைச்சகம்' என்று எழுதியிருக்கும். 'வீவக' என்பதை அது அறியாமல் 'அடுக்குமாடிக் குடியிருப்பு' என்று பொதுவாகப் போட்டிருக்கும். ஒற்று விட்டுப்போயிருக்கும், வாக்கியம் ஆங்கில நடையில் நெளியும். குழுவாகச் சேர்ந்து திருத்தச் சொல்லுங்கள். கணினியையே திருத்துகிறோம் என்ற பெருமிதம் பிள்ளைகள் முகத்தில் தெரியும், அந்தப் பெருமிதம் அவர்களுக்கு உரியது.

குரலைத் தமிழ் எழுத்தாக்கும் வசதியும் பயன்படும். கூகல் குரல் தட்டச்சின் மொழிப் பட்டியலில் சிங்கப்பூர்த் தமிழும் உண்டு. ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லி, திரையில் எந்தச் சொல் மாறி விழுகிறது என்று பார்க்கலாம். ஆனால் அதை மதிப்பெண்ணாக எடுக்காதீர்கள். 'பழம்' என்பதைப் 'பலம்' என்று சொன்னாலும் சூழலை ஊகித்துச் சரியாகவே எழுதிவிடும். உச்சரிப்புக்குத் தீர்ப்புச் சொல்ல நம் காதுதான் வேண்டும்.

படி 8: கருத்துரை

இருபது குரல் பதிவுகளை முழுவதுமாகக் கேட்க யாருக்கும் நேரமில்லை. ஒரு சுற்றுக்கு ஏழு பேர் என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள். மற்றவர்களுக்குச் சக மாணவர் கருத்துரை. பதில் சொல்லும்போது நீங்களும் குரலிலேயே அரை நிமிடம் பேசி அனுப்புங்கள்: நன்றாக இருந்த ஒன்று, மாற்ற வேண்டிய ஒன்று. சிவப்பு மையில் எழுதுவதைவிட விரைவாக முடியும், பிள்ளைக்கு இன்னும் அரை நிமிடம் நல்ல தமிழ் காதில் விழும்.

படி 9: பாதுகாப்பும் மாற்றுத் திட்டமும்

2020 ஏப்ரலில் நேரலை வகுப்பு ஒன்றில் வெளியாட்கள் புகுந்ததும், அமைச்சு ஜூமைத் தற்காலிகமாக நிறுத்திவைத்ததும் நினைவிருக்கும். காத்திருப்பு அறை, பெயர் சரிபார்ப்பு, பொதுவெளியில் இணைப்பைப் பகிராமை ஆகிய மூன்றும் கட்டாயம். மாணவர் முகமோ முழுப்பெயரோ வெளியார் பார்க்கக்கூடிய பலகையில் வரக்கூடாது. பேட்லெட் போன்ற இணையப் பலகைகளில் முதலெழுத்து அல்லது குழுப்பெயர் போதும்.

2024 ஆகஸ்டில் சாதன மேலாண்மைச் செயலி ஒன்று ஊடுருவப்பட்டு, 26 உயர்நிலைப் பள்ளிகளில் ஏறக்குறைய 13,000 மாணவரின் சாதனங்களிலிருந்து தரவு அழிந்தது. தேர்வுக் குறிப்புகளை அதில் மட்டும் வைத்திருந்த பிள்ளைகள் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். முக்கியக் குறிப்புகள் எஸ்எல்எஸ்ஸிலோ கூகல் டிரைவிலோ ஒரு பிரதி, தாளில் ஒரு பிரதி இருக்க வேண்டும். கருவிகளும் நிரந்தரமில்லை. கூகலின் இணைய வெண்பலகையான ஜாம்போர்டு 2024 முடிவோடு நின்றது. குரலும் காணொளியும் பதிய ஆசிரியர்கள் விரும்பிய ஃபிலிப், அதே ஆண்டு ஜூலையில் தனித்தளமாக இயங்குவதை நிறுத்தியது. உங்கள் கேள்விகளையும் பாடக்குறிப்பையும் கருவிக்கு வெளியே சாதாரணக் கோப்பாக வைத்திருந்தால், அடுத்த கருவிக்கு அரை மணியில் மாறிவிடலாம்.

இணையம் விழும் நாளுக்கு, அதே பாடத்தின் தாள் வடிவம் ஒன்று உறையில் இருக்கட்டும். படம் இரண்டு, செய்தித் துண்டு ஒன்று, கேள்வி மூன்று.

படி 10: பெற்றோர்

தமிழ் படிக்க வராத பெற்றோர் உண்டு. அவர்கள் 'என்னால் உதவ முடியவில்லையே' என்று வருந்துகிறார்கள். அவர்களுக்கு அனுப்பும் செய்தியில் செய்யக்கூடிய ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள்: 'இன்று இரவு உங்கள் மகள் பதிவு செய்ததைச் சேர்ந்து கேளுங்கள்.' இதற்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை. வீட்டிலிருந்து கற்கும் நாளில், சாதனத்தின் முன் எவ்வளவு நேரம் உட்கார வேண்டும், எந்த நேரத்துக்கு மேல் தேவையில்லை என்பதையும் தெளிவாக எழுதுங்கள். தமிழ் வீட்டுப்பாடம் தூக்கத்தைத் தின்னக்கூடாது.

படி 11: தவணை முடிவில்

முதல் வாரப் பதிவையும் பத்தாம் வாரப் பதிவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பேச்சின் நீளம், தடுமாறாமல் வந்த வாக்கியங்கள், ஆங்கிலத்துக்குத் தாவிய இடங்கள் ஆகிய மூன்றைக் குறித்துக்கொண்டால் போதும். மாற்றம் தெரியாத செயலை அடுத்த தவணையில் விட்டுவிடுங்கள், எவ்வளவு உழைத்துச் செய்திருந்தாலும்.

மாற்றம் தெரிந்ததை எஸ்எல்எஸ்ஸின் சமூகக் காட்சியகத்தில் வெளியிடுங்கள். பல பள்ளிகளில் தமிழாசிரியர் ஒருவரோ இருவரோதான். பக்கத்து மேசையில் கேட்க ஆள் இல்லாமல் தனியாகப் பாடம் தயாரிப்பவர்கள் அவர்கள். தலைப்பைத் தமிழில் எழுதி, வகுப்பு நிலையையும் திறனையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள்: 'உயர்நிலை 2, பேசுதல், தேக்கா அன்றும் இன்றும்'. எவ்வளவு நேரம் பிடித்தது, எந்தப் பகுதியில் பிள்ளைகள் திணறினார்கள் என்று இரண்டு வரியும் எழுதிவிடுங்கள். உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையத்தில் நடக்கும் பகிர்வுகளுக்குப் போகும்போது மாணவர் பதிவு ஒன்றையும், பெற்றோர் அனுமதியோடு, எடுத்துச் செல்லுங்கள். நம் விளக்கத்தைவிட அந்த ஒரு நிமிடக் குரலைக் கேட்டுத்தான் மற்ற ஆசிரியர்கள் முயன்று பார்க்க முடிவெடுப்பார்கள்.